1933-க்கு போன் போட்டா என்ன நடக்கும், ரோட்ல கிட் கலர் மாறினா என்ன அர்த்தம்

எங்க கடைக்கு பின்னாடி ஒரு காலி மனை இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி சாயங்காலம் ஆனா நாலு பசங்க அங்க வந்து உட்காருவாங்க, பொட்டலம் கை மாறும், புகை வாசம் ஜெராக்ஸ் மெஷின் வரைக்கும் வரும். பொறுத்து பொறுத்து பாத்துட்டு ஒருநாள் ஒரு ஸ்டேஷனுக்கு போன் போட்டு என் பேரு, கடை பேரு எல்லாத்தையும் வெள்ளந்தியா சொல்லிட்டேன். மறுநாள் காலைல ஷட்டரை தூக்குறேன், அந்த பசங்கள்ல ஒருத்தன் எதிர்ல நின்னுட்டு "என்னண்ணா, போன்லாம் போடுறீங்களாமே"ன்னு சிரிக்கிறான். அன்னிக்கு முழுக்க கை நடுக்கத்தோடதான் ஜெராக்ஸ் போட்டேன். யார் வழியா போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அதனால போதைப்பொருள் பத்தி தகவல் சொல்றதுக்கு மானஸ்னு ஒரு திட்டம் வந்திருக்கு, 1933-ன்னு நம்பர்னு கேள்விப்பட்டப்போ நான் முதல்ல தேடுனது ஒண்ணுதான், பேரு சொல்லணுமா வேண்டாமா. சொல்ல வேண்டியதில்ல. 2024 ஜூலை 18-ந்தேதி மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தொடங்கி வச்சது, நடத்துறது என்.சி.பி., அதாவது மத்திய போதைப்பொருள் தடுப்பு பிரிவு. 24 மணி நேரமும் உண்டு, போன்லயும் சொல்லலாம், வெப்சைட்லயும் போடலாம், மத்திய அரசோட உமாங் ஆப்லயும் இருக்கு. வர்ற தகவலை பதிஞ்சு, பெரிய கடத்தல் மாதிரி தெரிஞ்சா என்.சி.பி. எடுத்துக்கும், லோக்கல் விஷயம்னா அந்தந்த மாநில போதை தடுப்பு போலீசுக்கு அனுப்பும். இந்தியில பேசுவாங்களோன்னு தயங்குறவங்களுக்கு நம்ம மாநிலத்து நம்பர் 10581 இருக்கு, மதுவிலக்கு அமலாக்க போலீசோட இலவச நம்பர், நம்ம பாஷைலயே பேசிக்கலாம். கஞ்சாவுக்கும் அதுதான், கர்நாடகா சரக்குக்கும் அதுதான்.

இங்க ஒண்ணு சொல்லிடுறேன், ஏன்னா ஓசூர் பக்கம் இருக்குறவங்க மூணையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. அத்திப்பள்ளி தாண்டி பைக்ல வர்ற கர்நாடகா பாக்கெட் சாராயம் தமிழ்நாடு மதுவிலக்கு சட்டத்துல வரும், அது 1937-ல போட்ட சட்டம். பெங்களூர்ல இருந்து மூட்டை மூட்டையா வர்ற குட்கா உணவு பாதுகாப்பு சட்டத்துல வரும், நம்ம மாநிலத்துல 2013-ல இருந்து தடை. கஞ்சா, ஹெராயின், மெத்னு சொல்ற மெத்தாம்பெட்டமின் இதெல்லாம்தான் என்.டி.பி.எஸ்., அதாவது போதைப்பொருள் சட்டம், 1985-ம் வருஷத்தது, இதுல மாட்டினா கதையே வேற. கஞ்சா ஒரு கிலோ வரைக்கும் சின்ன அளவுன்னு கணக்கு, அதுக்கு ஒரு வருஷம் வரை ஜெயில் இல்லன்னா பத்தாயிரம் வரை ஃபைன், இல்லன்னா ரெண்டும். 20 கிலோவை தாண்டினா வணிக அளவு, குறைஞ்சது 10 வருஷம், 20 வருஷம் வரைக்கும் போகலாம், ஃபைன் ஒரு லட்சத்துல ஆரம்பிக்குது, 37-வது பிரிவால ஜாமீன் கிடைக்கிறதும் குதிரைக் கொம்பு. நடுவுல மாட்டினா 10 வருஷம் வரை. வலி மாத்திரை விஷயத்துலயும் உஷாரா இருங்க, டிரமடால் மாத்திரை 2018-ல இருந்து இந்த சட்டத்துக்குள்ள வந்துடுச்சு.

சரி போன் பண்றவங்க என்ன சொல்லணும். "பஸ் ஸ்டாண்டு பக்கம் கஞ்சா விக்கிறாங்க சார்"னு சொன்னா எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, கிருஷ்ணகிரில பஸ் ஸ்டாண்டே ரெண்டு இருக்கு. பாலக்கோடு ரோட்ல பழைய அரிசி மில்லுக்கு எதிர்ல, சாயங்காலம் ஆறுல இருந்து எட்டுக்குள்ள, சிவப்பு பைக், நம்பர் கடைசி நாலு இது, பொட்டலம் எடுக்குறது மீட்டர் பொட்டிக்கு பின்னாடி, இப்படி சொல்லணும். கிட்ட போய் போட்டோ எடுக்குற வீர சாகசம் வேண்டாம். என்.டி.பி.எஸ். சட்டத்துல 68-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, தகவல் எங்க இருந்து வந்துச்சுன்னு அந்த அதிகாரியை சொல்ல வைக்க முடியாது, அது உங்களுக்கு ஒரு கவசம். ஆனா அண்ணன் தம்பி நிலத்தகராறுக்கு இதை யூஸ் பண்ணலாம்னு நினைக்கிறவங்க 58-வது பிரிவையும் படிக்கணும், வேணும்னே பொய் தகவல் கொடுத்து ஒருத்தரை மாட்டி விட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. அதே பிரிவு காரணமே இல்லாம தொல்லை பண்ற மாதிரி சோதனை போடுற அதிகாரிக்கும் தண்டனை வச்சிருக்கு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ஆயிரம் ரூபாய் வரை ஃபைன். ஆயிரம் ரூபாய்! 1985-ல ஒருவேளை வலிச்சிருக்கும்.

இப்ப ரோட்டுக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தர்மபுரின்னு நம்ம ரெண்டு மாவட்டமும் எங்க இருக்குன்னு பாத்தாலே புரியும். ஆந்திரா ஒடிசா எல்லை மலைல விளையுற கஞ்சா தெற்க போகணும்னா ஒண்ணு குப்பம் வழி, இல்லன்னா சென்னை பெங்களூர் ஹைவே, இல்லன்னா ஜோலார்பேட்டை, மொரப்பூர், பொம்மிடி வழியா சேலம் போற ரயில். எல்லாம் நம்ம வாசல்தான். நம்ம லாரிக்காரங்களை நிறுத்தி பாக்குறது அதனாலதான், கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல.

என் கூட்டாளி ஒருத்தர், ராயக்கோட்டை மார்க்கெட்ல தக்காளி லோடு ஏத்திட்டு ராத்திரி சென்னைக்கு போயிட்டிருந்தாரு. வழியில கை காட்டுன ஒரு பெரியவரை ஏத்திக்கிட்டாரு, பாவம்னு. பர்கூர் தாண்டி நிறுத்துறாங்க. பெரியவர் மஞ்சப்பையில பேப்பர்ல சுருட்டுன காஞ்ச தழை ஒரு கட்டு. நம்மாளுக்கு வேர்த்து கொட்டுது. ஒரு போலீஸ்காரர் சின்ன பொட்டி ஒண்ணை பானெட் மேல வச்சு தொறந்தாராம், உள்ள குட்டி குட்டி மருந்து பாட்டில், கண்ணாடி குழாய். தழையில ஒரு சிட்டிகை கிள்ளி குழாய்ல போட்டு, ரெண்டு மூணு மருந்தை சொட்டு சொட்டா விட்டு குலுக்கி, டார்ச் லைட்ல தூக்கி பிடிச்சு பாத்தாரு. ஊதா கலர் வரல. பெரியவர் மெதுவா "சக்கரைக்கு வச்சிருக்குற சிறுகுறிஞ்சான் சாமி"ன்னாராம். இருபது நிமிஷத்துல விட்டுட்டாங்க. தக்காளிக்கு தான் கொஞ்சம் லேட்டாயிடுச்சு.

அந்த பொட்டிதான் போதைப்பொருள் கண்டுபிடிக்கிற கிட். கஞ்சாவா இருந்தா ஊதா மாதிரி நிறம் எறங்கும், ஹெராயினுக்கு வேற மருந்து, வேற கலர். ஆனா இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க, கிட்ல கலர் வந்துச்சுன்னா அது சந்தேகத்துக்கு ஒரு காரணம், அவ்வளவுதான், ரிசல்ட் கிடையாது. வேற சில செடி சரக்குலயும் கிட்டத்தட்ட அந்த கலர் வரலாம், மருந்து காலாவதி ஆயிருந்தாலும் கோளாறு பண்ணும். லேசர் அடிச்சு பொருளை சொல்ற ராமன் கருவின்னு ஒண்ணு இருக்கு, பாக்கெட்டை பிரிக்காமலே பவுடர் என்னன்னு காட்டும், மெத் மாதிரி ஐட்டத்துக்கு சூப்பர். தழைக்கு அது அவ்வளவு சரிப்படாது, லேசர் பட்டா செடி தானே ஒளிர ஆரம்பிச்சு சிக்னலை மறைச்சிடும். அதனால கஞ்சாவுக்கு இன்னும் அந்த பழைய குழாய்தான்.

முடிவு சொல்றது லேப்தான். அதுக்கு 2022 டிசம்பர்ல மத்திய அரசு தனியா விதிகளே போட்டிருக்கு, பிடிச்ச சரக்கை எப்படி சீல் வைக்கணும், எப்படி சாம்பிள் எடுக்கணும், எப்படி அழிக்கணும்னு. சாம்பிளை ரோட்டோரத்துல எடுத்து முடிச்சுட கூடாது, மாஜிஸ்திரேட் முன்னாடி எடுக்கணும். கஞ்சான்னா 24 கிராம், ரெண்டு செட். லேப் ரிப்போர்ட் 15 நாள்ல வரணும், எவ்வளவு சதவீதம்னு அளக்க நேரம் ஆனா அடுத்த 15 நாள்ல அது தனியா. உங்க வீட்டு ஆள் யாராச்சும் கேஸ்ல இருந்தா வக்கீல்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி, சாம்பிள் எந்த தேதி எடுத்தாங்க, யார் முன்னாடி எடுத்தாங்க, ரிப்போர்ட் எப்ப வந்துச்சு. நிறைய பேர் வக்கீல் ஃபீஸ் எவ்வளவுன்னுதான் முதல்ல கேக்குறாங்க.

அடுத்து வீடியோ. 2024 ஜூலை 1-ல இருந்து கைது, சோதனை, விசாரணை எப்படி நடக்கணும்னு சொல்ற புது சட்டம் பி.என்.எஸ்.எஸ். வந்துச்சு இல்லையா, அதுல 105-வது பிரிவு, சோதனை போடுறது, பொருளை எடுக்குறது, என்ன எடுத்தாங்கன்னு மகஜர் எழுதுறது, சாட்சி கையெழுத்து போடுறது வரைக்கும் வீடியோ எடுக்கணும், செல்போன்லயே எடுக்கலாம், எடுத்ததை தாமதம் இல்லாம மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும். இதுக்குன்னே இ-சாக்ஷ்யான்னு ஒரு ஆப் போலீசுக்கு கொடுத்திருக்காங்க, இடம், நேரம் எல்லாம் அதுலயே பதிவாகும். முன்ன எல்லாம் மகஜர்ல வி.ஏ.ஓ. கையெழுத்து இருக்கும், அவர் அங்க இருந்தாரா, மறுநாள் ஆபீஸ்ல வந்து போட்டாரான்னு கோர்ட்ல ரெண்டு வருஷம் இழுக்கும். இப்ப வீடியோவை போட்டு பாத்தா முடிஞ்சுது. என் கணக்குல இதுவரைக்கும் வந்த டெக்னாலஜிலயே பெருசு இதுதான், சாட்டிலைட்டு ட்ரோன் எல்லாம் அப்புறம்தான். தப்பு பண்ணவனையும் மாட்ட வைக்கும், சும்மா போனவனையும் காப்பாத்தும். ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போனாலும் அங்க சிசிடிவி இருக்கணும், 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷனுக்கும், என்.சி.பி. ஆபீசுக்கும் சேர்த்தே உத்தரவு போட்டிருக்கு.

உடம்பை தடவி சோதனை போடணும்னா என்.டி.பி.எஸ். சட்டத்தோட 50-வது பிரிவு. "கெசட்டட் அதிகாரி இல்ல மாஜிஸ்திரேட் முன்னாடி சோதனை வேணும்னு கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு"ன்னு அவங்களே நம்மகிட்ட சொல்லணும். பொம்பளைங்களை பொம்பளை போலீஸ்தான் சோதிக்கணும். இது உடம்புக்கு மட்டும், கையில இருக்குற பை, வண்டி இதுக்கெல்லாம் பொருந்தாது. "ஒத்துக்கிட்டான்"னு எழுதி வாங்குற வாக்குமூலத்தை மட்டும் வச்சு தண்டனை கொடுக்க முடியாதுன்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதும் நம்ம மாநிலத்து கேஸ்லதான், டோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு.

பின்னணில ஓடுற சமாச்சாரம் கொஞ்சம். நிடான்னு ஒரு டேட்டாபேஸ், 2022 ஜூலை 30-ல சண்டிகர்ல தொடங்குனது, போதை கேஸ்ல கைதான ஆளுங்க விவரம், போட்டோ, கைரேகை, ஜெயில், கோர்ட் எல்லாம் ஒரே இடத்துல. விசாகப்பட்டினத்துல மாட்டி ஜாமீன்ல வந்தவன் ஓசூர்ல வேற பேர்ல மாட்டினா அங்கயே தெரிஞ்சிடும். நம்மளால பாக்க முடியாது, ஏஜென்சிகளுக்கு மட்டும். மலைல பயிர் போட்டதை சாட்டிலைட் படத்துல தேடி மேப் போடுறாங்க, ஆந்திராவுல ஈகிள்னு தனி படையே வச்சு ட்ரோன் விட்டு பாக்குறாங்க. டார்க் நெட்னு சொல்ற ரகசிய இணையத்துல ஆர்டர் போட்டு தபால்ல வாங்குற கூட்டத்தை பிடிக்க என்.சி.பி. 2022-ல டார்க்கத்தான்னு காலேஜ் பசங்களை எல்லாம் கூப்பிட்டு போட்டி வச்சுச்சு, நம்ம ஊர் இன்ஜினியரிங் பசங்க இந்த மாதிரி போட்டியை கவனிக்கலாம். மாவட்ட அளவுல இதையெல்லாம் சேர்த்து பாக்குறது என்கார்டு கமிட்டி, தலைவர் கலெக்டர். உங்க ஊர்ல ஸ்கூல் பக்கம் பிரச்சினைன்னா திங்கக்கிழமை குறைதீர் நாள்ல ஒரு மனு கொடுக்கலாம், அது அந்த கமிட்டிக்கு போக சொல்லி எழுதுங்க.

டெக்னாலஜி இருக்குன்னு எல்லாத்தையும் பண்ணிட முடியாதுங்குறதுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கு. டெல்லில ஒரு போதை கேஸ்ல ஜாமீன் கொடுத்தப்போ, கூகுள் மேப்ல லொகேஷனை போட்டு வைக்கணும், அதிகாரி எப்ப வேணா பாப்பாருன்னு கண்டிஷன் போட்டாங்க. ஃபிராங்க் வைட்டஸ் கேஸ். 2024 ஜூலை 8-ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு அடிச்சுடுச்சு, ஜாமீன்ல வந்தவனுக்கும் அந்தரங்கம் உண்டுன்னு.

லாரி ஓனருங்களுக்கு ஒண்ணு. வண்டில சரக்கு பிடிபட்டா வண்டியும் பறிமுதல் ஆகலாம், என்.டி.பி.எஸ். 60-வது பிரிவு. தப்பிக்கணும்னா எனக்கு தெரியாது, டிரைவருக்கும் தெரியாது, முடிஞ்ச ஜாக்கிரதை எல்லாம் எடுத்தோம்னு நீங்கதான் நிரூபிக்கணும். இங்கதான் உங்க ஜிபிஎஸ் ரெக்கார்டு, டேஷ் கேமரா, டோல்கேட் ஃபாஸ்டேக் நேரம், லோடு பில்லு எல்லாம் உதவும், ஆறு மாசத்துக்காவது அழிக்காம வைங்க. கேஸ் முடியிற வரைக்கும் வண்டி ஸ்டேஷன் வாசல்ல துருப்பிடிக்கணும்னு இல்ல, இடைக்காலமா விடுவிக்கலாம்னு 2025 ஜனவரில ஒரு லாரி ஓனர் கேஸ்ல, விஸ்வஜித் டே கேஸ்னு பேரு, சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. டியூ கட்டுறவங்க இதை வக்கீல்கிட்ட ஞாபகப்படுத்துங்க. வழியில கை காட்டுறவங்களை ஏத்துறது பத்தி என் கூட்டாளியை கேட்டா இப்ப "பையை தொறந்து காட்டு தாத்தா, அப்புறம் ஏறு"ங்கறாரு.

கடைசியா, வீட்லயே ஒரு பையன் பழகிட்டான்னா 1933-ல யாரையோ மாட்டி விடுற மாதிரி பயப்பட வேண்டாம், சிகிச்சைன்னு சொன்னா 14446-க்கு மாத்தி விடுவாங்க, நேராவும் அதுக்கே போடலாம், ஆலோசனை சொல்ற நம்பர். பழகுனவன் தானா சிகிச்சைக்கு வந்தா, சின்ன அளவு கேஸ் இல்லன்னா போதைப்பொருள் எடுத்துக்கிட்ட கேஸ்னா என்.டி.பி.எஸ். 64ஏ பிரிவுல வழக்குல இருந்து விலக்கு உண்டு, ஆனா அரசு இல்லன்னா அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சை எடுக்கணும், பாதில விட்டுட்டு ஓடுனா அந்த விலக்கும் போயிடலாம். மூணு நம்பரையும் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து கடை கண்ணாடியில ஒட்டியிருக்கேன். போன வாரம் ஒரு அக்கா ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்க, கடையில கூட்டம் குறையிற வரைக்கும் ஓரமா நின்னுட்டு, அப்புறம் 14446-ஐ மட்டும் கையில எழுதிட்டு போனாங்க.