ஆவணி மாசத்து தும்மல்: மகரந்தம் மூக்குக்குள்ள போய் என்ன பண்ணுது

டெல்டா பக்கம் ஆடி கடைசில ஆரம்பிச்சு புரட்டாசி வரைக்கும் நிறைய பேரு தும்மிக்கிட்டே இருப்பாங்க. காலைல எந்திரிச்சதும் வரிசையா தும்மல், மூக்குலேர்ந்து தண்ணி தண்ணியா ஒழுகும், கண்ணு அரிக்கும், மேல் அண்ணம் கூட அரிக்கும், என்னன்னு கேட்டா "புதுத்தண்ணி ஒத்துக்கலை"ன்னு சொல்லிடுவாங்க. ஆத்துத் தண்ணி மேல பழி போடாதீங்க. ஜலதோஷம்னா பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும், அது கூட தொண்டை வலி உடம்பு வலின்னு ஏதாவது வரும். காய்ச்சல் இல்லாம, அரிப்போட, வாரக்கணக்கா, வருஷா வருஷம் அதே மாசத்துல வருதுன்னா அது அலர்ஜியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சின்ன பிள்ளைங்க உள்ளங்கையால மூக்கை மேல தள்ளி தள்ளி தேச்சு மூக்கு மேல குறுக்கால ஒரு கோடே விழுந்திருக்கும், பாத்தா கவனிங்க.

எந்தப் பூவோட மகரந்தம்னு கேட்டா எல்லாரும் வாசனைப் பூவைத்தான் கை காட்டுவாங்க. கண்ணைப் பறிக்கிற பூவெல்லாம் தேனீ, வண்டை நம்பி இருக்கறது, அதோட மகரந்தம் கனமா பிசுபிசுன்னு இருக்கும், அவ்வளவா காத்துல பறக்காது. (மல்லிப்பூ வாசனைக்கே தலை வலிக்குது தும்மல் வருதுன்னா அது வாசனை மூக்கை உறுத்தறது, அது வேற கதை.) நம்மள படுத்தறது கண்ணுலயே படாத பூவுங்க: வரப்புல இருக்கற புல்லு, குப்பைமேட்டுல வளர்ற முள்ளுக்கீரை, ஆமணக்கு, கடலோரம் போனா சவுக்கு. புல்லோட மகரந்தம் ஒண்ணு ஏறக்குறைய 30, 40 மைக்ரான்தான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள்ள இருபத்தஞ்சு முப்பது வரிசையா நிக்கும். 1800கள்லயே மான்செஸ்டர்ல சார்லஸ் பிளாக்லின்னு ஒரு டாக்டர், தனக்கே இந்த தொல்லை இருந்ததால, பசை தடவின கண்ணாடியை பட்டத்துல கட்டி பறக்கவிட்டு மேல காத்துல மகரந்தம் இருக்குதான்னு புடிச்சு எண்ணிப் பாத்திருக்காரு. புல் மகரந்தம்தான் இந்த தும்மலுக்கு காரணம்னு ஊருக்கு நிரூபிச்சது அவருதான்.

நம்ம ஊருல ஜூன் 12 மேட்டூர் திறந்தா குறுவை நடவு, அது பூக்கறது ஆகஸ்ட் பக்கம். நெல்லுப்பூ முற்பகல்ல கொஞ்ச நேரம்தான் திறக்கும், பெரும்பாலும் தன் மகரந்தத்தையே எடுத்துக்கும், அதனால நெல்லு மகரந்தம் அவ்வளவா தூரம் போறதில்ல, அதே நேரத்துல வரப்புலயும் வாய்க்கால் கரையிலயும் பூக்கற புல்லைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன். அப்புறம் அறுவடை மிஷின் இறங்கினதும் சுணையும் தூசியும் அதோட பூஞ்சை வித்தும் சேந்து பறக்கும், மகரந்தத்தால ஏற்கனவே புண்பட்ட மூக்குக்கு அது இன்னொரு அடி.

பார்த்தீனியத்தை தனியா சொல்லியே ஆகணும். அமெரிக்காவுல கோடை முடியற நேரம், ஆகஸ்ட் செப்டம்பர்ல, ராக்வீட்னு ஒரு களை பூத்து லட்சக்கணக்கான பேரை தும்ம வைக்கும். அதே குடும்பத்து செடிதான் நம்ம பார்த்தீனியம், மெக்சிகோ பக்கத்துலேர்ந்து வந்தது, 1950கள்ல புனே பக்கம் கவனிச்சாங்க, இப்ப நாடு பூரா ரோட்டோரத்துல நிக்குது. இதோட மகரந்தத்தால மூக்கு அலர்ஜி வர்றதை பெங்களூருல 1990கள்லயே ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க.

இப்ப மூக்குக்குள்ள போவோம். மகரந்தம் ஈரமான சவ்வுல ஒட்டினதும் கொஞ்ச நேரத்துலயே அதோட புரதம் கரைஞ்சு வெளிய வரும். ஒரு கெடுதலும் பண்ணாத புரதம்தான், ஆனா சில பேரோட எதிர்ப்பு சக்தி அதை எதிரின்னு முடிவு பண்ணி ஐஜிஇன்னு, எதிரியை அடையாளம் புடிக்கற ஒரு ஆன்டிபாடியை செஞ்சு வெச்சுக்கும் (இதை 1966-67 வாக்குல ஜப்பான்லேர்ந்து போன இஷிசாகா தம்பதி அமெரிக்காவுலயும் இன்னொரு குழு சுவீடன்லயும் கண்டுபிடிச்சாங்க). இந்த ஐஜிஇ, சவ்வுல இருக்கற மாஸ்ட் செல்ங்கற எதிர்ப்பு சக்தி செல் மேல போய் ஒட்டிக்கிட்டு காத்திருக்கும், அதனாலதான் முதல் தடவையே தும்மல் வராது, ஒரு ஊருக்கு புதுசா குடி வந்தவங்களுக்கு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஆரம்பிக்கறதும் உண்டு. அடுத்த தடவை அதே புரதம் வந்ததும் மாஸ்ட் செல் வெடிச்ச மாதிரி ஹிஸ்டமின்ங்கற ரசாயனத்தை கொட்டிடும். ஹிஸ்டமின் நரம்பைத் தொட்டா அரிப்பு, தும்மல், சுரப்பியைத் தொட்டா ஒழுகல், ரத்தக்குழாயைத் தொட்டா வீக்கம். இது எல்லாம் நிமிஷக் கணக்குல.

அதோட முடியாது. நாலு மணி நேரத்துலேர்ந்து எட்டு மணி நேரம் கழிச்சு இயோசினோபில் மாதிரி வெள்ளை ரத்த செல்லுங்க அங்க வந்து கூடும், அப்ப வர்றது தும்மலை விட அடைப்பு, காலைல வயலுக்கு போனவருக்கு சாயங்காலம் மூக்கடைச்சு ராத்திரி தூக்கம் போறது இதனாலயும்தான். இதை விட முக்கியமா ஒண்ணு இருக்கு. ஜான் கானெல்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1960கள்ல ராக்வீட் அலர்ஜி உள்ளவங்க மூக்குல தினமும் அளந்து மகரந்தம் வெச்சுப் பாத்தாரு, நாள் ஆக ஆக அதே தும்மலை வரவைக்க பல மடங்கு கம்மி மகரந்தமே போதும்னு ஆயிடுச்சு. முதல் நாள் வந்த செல்லுங்க கலைஞ்சு போறதுக்குள்ள அடுத்த நாள் மகரந்தம் வந்து சேருது, சவ்வு உஷாராவே இருக்கு. அதனால சீசன் நடுவுல காத்துல மகரந்தம் கம்மி ஆனாலும் உங்க தும்மல் உடனே குறையாது.

இதுலேர்ந்துதான் நான் சொல்ல வர்றது: இந்த அலர்ஜிக்கு வைத்தியம் தும்மல் வந்தப்புறம் இல்ல, வர்றதுக்கு முன்னாடி. டாக்டரைப் பாத்து எழுதி வாங்கற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே (ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் வகை) முழுசா வேலை செய்ய சில நாளு, சில பேருக்கு ரெண்டு வாரம் கூட ஆகும், ரெண்டு நாள் அடிச்சுட்டு சரியாகலைன்னு தூக்கி வைக்கறவங்க ரொம்ப பேரு. ஆடி நடுவுலயே ஆரம்பிச்சுட்டா நல்லது. தலையை லேசா குனிஞ்சு, நுனியை நடுத்தண்டு பக்கம் இல்லாம காது பக்கமா திருப்பி அடிக்கணும், உறிஞ்சி இழுத்தா மருந்து தொண்டைக்குத்தான் போகும். செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் மாதிரி மாத்திரை ஹிஸ்டமினை அழிக்கறதில்ல, பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டு புடிக்கற மாதிரி ஹிஸ்டமின் உக்கார வேண்டிய இடத்துல முன்னாடியே போய் உக்காந்துக்கும், அதனால வயலுக்கு போறதுக்கு முன்னாடி போட்டாத்தான் பலன், அடைப்புக்கு அது அவ்வளவா கேக்காது. பழைய வகை அவில் மாதிரி மாத்திரை தூக்கத்தை கொண்டுவரும், போட்டுட்டு டிராக்டரோ பைக்கோ ஓட்டாதீங்க. அடைப்புக்கு விடற சைலோமெட்டசோலின் டிராப்ஸை சில நாளுக்கு மேல விட்டா அதுவே அடைப்பை உண்டாக்கும்.

உப்புத்தண்ணியால மூக்கு கழுவறது நல்ல வழிதான், டம்ளர் தண்ணிக்கு அரை டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மியா உப்பு, ஆனா தண்ணி கொதிக்க வெச்சு ஆறினதா மட்டும்தான் இருக்கணும். பம்புசெட் தண்ணி, குளத்துத் தண்ணி வேண்டவே வேண்டாம், மூக்கு வழியா மூளைக்கு போற அமீபாவால கேரளாவுல 2024, 2025ல உயிர் போயிருக்கு. வயல்லேர்ந்து வந்ததும் தலைக்கு குளிக்கறது ரொம்ப உதவும், இல்லன்னா முடியில இருக்கறது ராத்திரி தலகாணிக்கு போயிடும்.

ஆவணி புரட்டாசில சாயங்காலம் இடி மழை வர்ற நேரம் ஆஸ்துமா உள்ளவங்க உள்ளயே இருங்க. மழை மகரந்தத்தை கழுவிடும்னுதான் நினைப்போம், இடிமழை முன்னாடி வீசற காத்து அதை கீழ இறக்கி, ஈரம் பட்ட மகரந்தம் உடைஞ்சு பொடியாகி மூக்கைத் தாண்டி நுரையீரல் வரைக்கும் போகும். 2016 நவம்பர் 21 மெல்போர்ன்ல இப்படி ஒரே சாயங்காலத்துல ஆயிரக்கணக்கான பேரு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க, 10 பேர் செத்துப்போனாங்க, அன்னிக்கு பாதிக்கப்பட்டவங்கள்ல அதுவரைக்கும் ஆஸ்துமாவே இல்லாம வெறும் தும்மல் மட்டும் இருந்தவங்களும் நிறைய. நெஞ்சுல விசில் சத்தம், மூச்சு வாங்கறதுன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க, வீட்டு வைத்தியத்துல நேரம் போக்காதீங்க.

பார்த்தீனியத்தை பிடுங்கறதா இருந்தா பூக்கறதுக்கு முன்னாடி, மழை பேஞ்சு மண்ணு இளகி இருக்கும்போது வேரோட பிடுங்குங்க, பூத்தப்புறம் ஒரு செடியே ஆயிரக்கணக்குல விதை போட்டுடும். வெறுங்கையில தொட்டா சில பேருக்கு தோல் வெடிச்சு அரிக்க ஆரம்பிக்கும், அது சுலபத்துல போகாது, அதனால பஞ்சாயத்துல ஆள் விட்டு பிடுங்க சொல்றவங்க கையுறையும் மாஸ்க்கும் குடுத்துட்டு சொல்லுங்க.