டெலிசென்டர்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஊருக்குப் பொதுவாக ஓர் அறை, அதில் சில கணினிகள், இணையம், ஒரு பிரிண்டர், தெரியாததைக் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். இதைத்தான் டெலிசென்டர் என்கிறார்கள். காசு கொடுத்து மணிக்கணக்கில் உட்காரும் நெட் கபே வேறு, போட்டோ கொப்பி எடுக்கப் போகும் கொமினிகேஷன் கடை வேறு.

'டெலி' கிரேக்கச் சொல், தூரம் என்று பொருள். 'சென்டர்' கென்ட்ரோன் என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நாம் சொல்லும் கேந்திரமும் சமஸ்கிருதம் வழியாக அங்கிருந்து வந்ததுதான். 1985இல் சுவீடனில் வெம்டாலன் என்ற மலைக் கிராமத்தில் ஊராருக்குப் பொதுவாகக் கணினிகளை வைத்து 'டெலிகொட்டேஜ்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள், டெலிசென்டர்களுக்கு முன்னோடி என்று அதைத்தான் சொல்வார்கள்.

இலங்கையில் நம் மலையகமும் இதில் பின்தங்கி இருக்கவில்லை. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 90களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு இணையத்தை வானொலிக்குள் கொண்டுவந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் இருப்பதை உள்ளூர் மொழியில் ஒலிபரப்பில் விளக்குவார்கள். கணினியைத் தொட்டே பார்க்காதவருக்கும் ரேடியோ பெட்டி வழியாக இணையம் வந்து சேர்ந்தது, எனக்கு இன்றும் பெரிய விஷயமாகப் படுவது இதுதான். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் மக்கள் நேரில் போய்ப் பயன்படுத்தவும் இடம் வைத்தார்கள். அப்புறம் 2005 அளவில் ஊர்களில் இப்படிப்பட்ட இடங்களை வைக்கும் அரசாங்கத்தின் நெனசல திட்டம் வந்தது. சிங்களத்தில் நெண என்றால் ஞானம், சல என்றால் பாடசாலையில் வருகிற சாலை, அதாவது கூடம்; தமிழில் அறிவகம் என்று பெயர் வைத்தார்கள்.

சரி, தமிழில் எதை எழுதுவது? 'தொலைமையம்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தொலைபேசியில் தூரத்துக் குரல் வருகிறது, தொலைக்காட்சியில் தூரத்துக் காட்சி வருகிறது, தொலைமையம் என்றால் எங்கோ தூரத்தில் இருக்கும் மையம் என்றல்லவா கேட்கிறது? ஹட்டனுக்கு பஸ் ஏறாமல், தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வேலை முடிய வேண்டும் என்பதற்காக வைத்த இடம் அது. சாதாரண தரப் பெறுபேறு வருகிற நாளில் பிள்ளை சுட்டெண்ணைச் சொல்ல, அங்கே இருப்பவர் தட்டிப் பார்த்து, தாளில் எடுத்துக் கையில் கொடுப்பார், பக்கத்தில் நிற்கிற அம்மாவுக்கு எந்தப் பாடத்துக்கு என்ன என்று வாசித்தும் காட்டுவார். அறிவகம் அழகான சொல், ஆனால் அந்தத் திட்டத்தின் பெயராகவே நின்றுவிட்டது, நூலகத்துக்கும் டியூஷன் வகுப்புக்கும்கூட வைக்கலாம்.

என் தேர்வு 'சமூக இணைய நிலையம்'. சனசமூக நிலையம் என்று சொல்லிப் பழகிய நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் பொது என்பது பெயரிலேயே இருக்கிறது. பேச்சில் 'இணைய நிலையம்' என்று சுருங்கினாலும் பரவாயில்லை, அறிவித்தல் பலகையில் மட்டும் 'சமூக' என்பதை விடாமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் காசு கேட்பார்கள் என்று நினைத்து ஆட்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.