மெட்டல் டிடெக்டர் வாங்கும் முன்: காசையும் ஆணியையும் கருவி எப்படிப் பிரித்தறிகிறது?

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆழம் வரைக்கும் எடுக்கும்?" என்பதுதான். விற்பவர்களும் அதையே பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஆனால் பழைய நாணயம், சட்டைப் பொத்தான், பெல்ட் கொக்கி, ஈயக் குண்டு என்று தேடுகிறவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது. ஓரளவு நல்ல கருவிகள் எல்லாமே ஆழத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து முட்டி நின்றுவிடும். இயற்பியல் போட்ட எல்லை அது. ஒரு கருவி இன்னொன்றை மிஞ்சுவது வேறொரு வேலையில்.

தரையை ஒட்டி நாம் வீசிக்கொண்டு போகும் வட்டத் தட்டுக்கு காயில் என்று பெயர். அதற்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. நொடிக்குச் சில ஆயிரம் முறையிலிருந்து பல பத்தாயிரம் முறை வரை திசை மாறும் காந்தப்புலம் அதிலிருந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே ஒரு செப்புக்காசு கிடந்தால், மாறிக்கொண்டே இருக்கும் புலம் அந்தக் காசுக்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பிவிடும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாவது சுருள் காது கொடுத்துக் கேட்பது இதைத்தான். அனுப்பும் சுருளின் புலம் கேட்கும் சுருளில் நேரடியாக விழாதபடி இரண்டையும் சமன்செய்து பொருத்தியிருப்பார்கள். இல்லாவிட்டால் காசின் மெல்லிய பதில் அந்தப் பேரிரைச்சலில் அடிபட்டுப்போகும்.

இப்போது ஆழத்துக்கு வருவோம். காயிலின் அளவைத் தாண்டிக் கீழே போகப் போக, புலத்தின் வலிமை தொலைவின் மும்மடியில் குறைகிறது. அதாவது தொலைவு இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். காசு திருப்பி அனுப்பும் புலத்துக்கும் அதே கதி, மேலே வரும்போது இன்னொரு எட்டில் ஒரு பங்கு. போக வர சேர்த்துப் பார்த்தால், ஆழம் இரட்டிக்கும்போது கிடைக்கும் பதில் 64-இல் ஒரு பங்குதான். இதையே திருப்பிப் போட்டுக் கணக்கிட்டால் இன்னும் சோர்வாக இருக்கும்: கருவி அனுப்பும் புலத்தை இரு மடங்காக்கினாலும் ஆழம் சுமார் 12 சதவீதம்தான் கூடும். 20 சென்டிமீட்டரில் கேட்ட காசு இருபத்திரண்டரையில் கேட்கும், அவ்வளவுதான். அதுகூட மண்ணில் உலோகச் சத்து எதுவும் இல்லையென்றால். புலம் கூடினால் மண்ணின் இரைச்சலும் கூடவே வளருமே!

ஆகவே 28 சென்டிமீட்டர் காயில் உள்ள சராசரிக் கருவியில், சாதாரண அளவுள்ள நாணயம் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை கேட்டால் அது நல்ல செயல்பாடு. பெரிய காயில் போட்டால் புதைந்த பானை அளவுள்ள பொருளுக்குக் கொஞ்சம் கூடுதல் ஆழம் கிடைக்கும். ஆனால் சின்னப் பொருள்களின் மீது உணர்திறன் மங்கும், ஒரே நேரத்தில் அதிகக் குப்பை காயிலுக்கு அடியில் சிக்கும். "நூறு மீட்டர் தள்ளிப் புதைந்திருக்கும் தங்கத்தைக் காட்டும்" என்று ஆன்டெனாக் குச்சியோடு வரும் பொருள்கள் மெட்டல் டிடெக்டரே அல்ல. அதே பாணியில் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று விற்கப்பட்ட ஏடிஇ 651 என்ற கருவிக்குள் வேலை செய்யும் மின்னணுப் பாகம் எதுவுமே கிடையாது. அதை விற்றவருக்கு 2013-இல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது.

ஆழம் குறைவென்று வருந்தவும் வேண்டியதில்லை. 2009-இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் தங்கப் புதையல், உழுத வயலின் மேல்மண்ணில்தான் கிடந்தது. அதைக் கண்டெடுத்தவர் கையில் இருந்ததும் ஒரு பழைய கருவிதான்.

சரி, கருவிக்குக் கருவி வேறுபடுவது எதில்? கீழே கிடப்பது என்ன என்று பிரித்துச் சொல்வதில். வெண்கல மணியை அடித்தால் நாதம் நீண்டு நிற்கும், மண்சட்டியைத் தட்டினால் டொக்கென்று அடங்கிவிடும். உலோகத்துக்குள் எழும் சுழல் மின்னோட்டமும் அப்படித்தான். தடித்த வெள்ளிக்காசில் அது எழுந்து அடங்க நேரம் எடுக்கும், மெல்லிய அலுமினியத் தாளில் சட்டென்று செத்துவிடும். அதனால் அனுப்பிய அலைக்கும் திரும்பி வரும் அலைக்கும் இடையே உள்ள பின்தங்கல் பொருளுக்குப் பொருள் மாறுகிறது. கருவி இந்தப் பின்தங்கலை அளந்து, திரையில் ஓர் எண்ணாகக் காட்டுகிறது. பல மாடல்களில் அது 0 முதல் 99 வரை போகும். அடியில் இரும்பு, அப்புறம் அலுமினியத் தாள், நடுவில் நிக்கல் கலந்த காசும் ஈயமும் பித்தளையும், உச்சியில் செம்பும் வெள்ளியும்.

இந்த எண்ணைத்தான் புதிதாக வாங்குகிறவர்கள் அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்கள். அது உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. மின்கடத்துத்திறன், தடிமன், பரப்பு எல்லாம் கலந்த ஒற்றை விளைவு அது. செம்போடு 25 சதவீதம் நிக்கல் சேர்த்தால் கடத்துத்திறன் தூய செம்பின் இருபதில் ஒரு பங்குக்கு விழுந்துவிடும். அதனால்தான் அப்படிப்பட்ட காசு, பெரும்பகுதி செம்பாகவே இருந்தும், அளவுகோலின் கீழ்ப்பாதிக்கு இறங்கி வருகிறது. தங்கம் நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம். ஆனால் மெல்லிய தங்க மோதிரமும், குளிர்பான டப்பாவில் இழுத்துத் திறக்கும் அலுமினிய வளையமும் ஒரே எண்ணில் வந்து உட்காரும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த இரண்டையும் எப்போதும் சரியாகப் பிரித்துச் சொல்லும் கருவி கிடையாது. வளையம் தேவையில்லை என்று அந்த எண்ணுக்கு ஒலிக்காதபடி கருவியை அடைத்துவிட்டால், மோதிரத்தையும் சேர்த்து அடைத்ததாக அர்த்தம். உடைந்த மோதிரம் இன்னொரு வேடிக்கை. சுற்று அறுந்துவிட்டதால் மின்னோட்டம் முழு வட்டமாக ஓட முடியாது, பதில் பாதாளத்துக்குப் போய்விடும். மெல்லிய சங்கிலியைக் கருவி முழுச் சங்கிலியாகப் பார்க்காது, ஒவ்வொரு கண்ணியாகத்தான் பார்க்கும். நாணயம் இந்த விஷயத்தில் பரவாயில்லை. தட்டையாகக் கிடந்தால் வட்டமான மின்னோட்டத்துக்கு அதைவிட வசதியான வடிவம் வேறில்லை.

இரும்பு தனி ரகம். அது மின்சாரம் கடத்துவதோடு காந்தப்புலத்தைத் தன்பக்கம் இழுக்கவும் செய்யும். அந்தக் காந்தப் பதிலை வைத்துத்தான் கருவி ஆணியை ஒதுக்குகிறது. ஆனால் அகன்ற இரும்புத் தகட்டிலும், பாட்டில் மூடியிலும், வாஷரிலும் சுழல் மின்னோட்டம் ஓங்கிவிடுவதால், அவை நல்ல காசுபோலப் பாடிக் காட்டும். இதைவிடப் பெரிய தொல்லை, நல்ல பொருளை இரும்பு மறைத்துவிடுவது. இந்தத் தொல்லைக்கு வயது அதிகம். 1881-இல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தூண்டல் தத்துவத்தில் ஒரு கருவியைச் செய்துகொண்டு வந்தார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் குழப்பிவிட்டன என்பது ஒரு காரணம், குண்டு இல்லாத வலப்பக்கத்தை மட்டுமே தேட மருத்துவர் விட்டார் என்பது இன்னொன்று.

பழைய வீடு இருந்த மண்ணில் மெத்தைச் சுருளுக்குப் பதில் துருப்பிடித்த ஆணிகள். ஆணியின் பதில் அடங்குவதற்குள் காயில் காசைத் தாண்டிப் போய்விட்டால் காசு கேட்காது. ஒரு பதிலை முடித்து அடுத்ததற்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் மீட்பு வேகம் என்கிறார்கள். என்னைக் கேட்டால், நாணயம் தேடுகிறவர் விவர அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், அதுவும் நாமே மாற்றிக்கொள்ளும்படி இருக்கிறதா என்பதை. வேகத்தைக் கூட்டினால் ஆழம் கொஞ்சம் குறையும். குப்பை நிறைந்த இடத்தில் அது லாபமான பேரம்தான். இரும்பை முழுதாக மௌனமாக்கும் வசதியை மட்டும் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். ஆணிக்கு மேலே கருவி வாயை மூடிக்கொள்ளும்போது, பக்கத்தில் கிடக்கும் காசுக்கும் சேர்த்தே மூடிக்கொள்ளும். இரும்புக்குத் தாழ்ந்த உறுமல், மற்றவற்றுக்கு உயர்ந்த ஒலி என்று வைத்துக்கொண்டு காதால் பிரிப்பது மேல். பழம்பொருள் தேடுகிறவருக்கு இரும்பே ஒரு தடயம். ஆணிகள் கொத்தாக உறுமும் இடத்தில்தானே ஒரு காலத்தில் மனிதர்கள் வாழ்ந்திருப்பார்கள்?

மண்ணும் பதில் பேசும். மேக்னடைட் போன்ற இரும்புத் தாதுக்கள் உள்ள செம்மண்ணும் கருமணலும் காசைவிடப் பல மடங்கு உரத்த பதிலைத் தரும். நல்லவேளையாக அதன் பின்தங்கல் ஓரளவு நிலையானது. காயிலைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கி, அந்தப் பதிலைக் கருவிக்குக் கற்றுக்கொடுத்துக் கழித்துவிடலாம். தொழிற்சாலையில் ஒரே நிலையில் பூட்டிய மலிவான கருவிகள் தடுமாறுவது இங்கேதான். உப்பு ஊறிய கடற்கரை மணலோ மின்சாரத்தையே கடத்தும், அதன் குணம் வேறு. ஒற்றை அதிர்வெண் கருவியால் இரண்டையும் ஒருசேரச் சமாளிப்பது கடினம். ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் கேட்கும் கருவி, அவற்றை ஒப்பிட்டு மண் எது, உப்பு எது, உலோகம் எது என்று பிரிக்கிறது. 2018-இல் மைன்லேப் நிறுவனத்தின் எக்வினாக்ஸ் கருவி சந்தைக்கு வந்த பிறகு இந்த வசதி நடுத்தர விலைக் கருவிகளிலும் பரவிவிட்டது. ஒற்றை அதிர்வெண்தான் கைக்கு எட்டுகிறது என்றால், 5 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது பெரிய செம்பு, வெள்ளிக் காசுகளுக்கு ஒத்துவரும். 20-க்கு மேல் போனால் மெல்லிய, சிறிய பொருள்கள் நன்றாகக் கேட்கும். பன்னிரண்டு, பதினைந்து என்பது நடுவழி.

பல்ஸ் இண்டக்‌ஷன் என்ற இன்னொரு வகை, சின்னத் துடிப்பை அனுப்பிவிட்டு, சில மைக்ரோநொடிகள் பொறுத்து, பதில் எப்படி அடங்குகிறது என்று கேட்கும். கொடிய மண்ணிலும் ஆழம் போகும், ஆனால் ஆணியையும் காசையும் பிரிப்பதில் பலவீனம். குடியிருப்பு நிலத்தில் அதை எடுத்துக்கொண்டு போனால் நாள் முழுக்க ஆணிதான் தோண்ட வேண்டியிருக்கும்.

காயிலில் இரட்டை டி வடிவம் போதும், அதாவது ஆங்கில டி எழுத்துப்போல வளைந்த இரண்டு சுருள்களை முதுகோடு முதுகாக வைத்தது. அதன் புலம் கீழே கத்தி வீச்சாக ஒடுங்கி இறங்குவதால் நெருக்கமான பொருள்களைப் பிரிக்கும், தாது மண்ணிலும் அமைதியாக இருக்கும். மிச்சப் பணத்தில் கையடக்கப் பின்பாயின்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். தோண்டிய குழிக்குள் காசு எந்தப் பக்கம் என்று அது காட்டும், குழியும் சிறியதாக இருக்கும். தேடும் நிலத்துக்கு உரிமையாளரின் அனுமதியும் அந்த நாட்டின் புதையல் சட்டமும் கருவிக்கு முன்னாலேயே பார்த்துவைக்க வேண்டியவை. தொல்லியல் இடமென்றால் கைவைக்கவே கூடாது. பொருள் கிடந்த அடுக்கைக் கலைத்துவிட்டால் அதன் காலத்தைச் சொல்ல மிச்சம் எதுவும் இருக்காது.

வாங்கும் இடத்தில் காசைக் காற்றில் ஆட்டி, எவ்வளவு தூரத்தில் கேட்கிறது பாருங்கள் என்பார்கள். காற்றில் தாது இல்லை, ஆணியும் இல்லை. நீங்கள் ஒரு காசையும் நான்கைந்து துருப்பிடித்த ஆணிகளையும் கொண்டுபோங்கள். உலோகமில்லாத தரையில் காசை வைத்து, அதைச் சுற்றி விரலளவு தள்ளி ஆணிகளைப் போடுங்கள். காயிலை ஒரு கையகல உயரத்தில் பிடித்து நான்கு திசைகளிலிருந்தும் வீசிப் பாருங்கள், முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. வயர்லெஸ் ஹெட்போன் தருகிறார்கள் என்றால் அதை மாட்டிக்கொண்டே செய்யுங்கள், ஒலி பின்தங்கினால் அதிலேயே தெரிந்துவிடும். இரண்டு திசைகளிலாவது காசின் ஒலி ஆணிகளுக்கு நடுவே சுத்தமாகக் கேட்டால், விலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.