ஏர்ல்: பட்டமும் அதற்குரிய தமிழும்

மவுண்ட்பேட்டன் பிரபு, ரிப்பன் பிரபு என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நமக்கு, முன்னவர் ஏர்ல், பின்னவர் மார்க்விஸ் என்ற வேறுபாடு புலப்படுவதில்லை. ‘பிரபு’ என்பது ‘லார்ட்’ என்னும் பொதுவழக்குக்கு ஈடாகுமேயன்றி, பிரிட்டிஷ் உயர்குடிப் பட்டங்களான டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன் என்று இறங்கும் ஐந்து படிகளில் எந்த ஒன்றையும் தனித்துச் சுட்டாது.

நடுப்படியில் நிற்கும் ஏர்லே இவற்றுள் பழமையானது. பழைய ஆங்கிலத்தில் உயர்குடி வீரனைக் குறித்த ‘எயோர்ல்’ என்ற சொல், 11ஆம் நூற்றாண்டில் கனூட் மன்னன் காலத்தில், ஸ்காண்டிநேவியரின் ‘யார்ல்’ என்ற சொல்லின் செல்வாக்கால், அரசன் சார்பில் பெருநிலப்பகுதியை ஆள்பவனுக்குரிய பெயராயிற்று. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர் தங்கள் ‘கவுன்ட்’ என்ற சொல்லோடு வந்தும் ஏர்ல் நிலைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பெண்பால் வடிவம் இல்லாமையால், ஏர்லின் மனைவி இன்றும் ‘கவுன்டஸ்’ என்றே அழைக்கப்படுகிறார். கணவருக்கு உள்நாட்டுச் சொல், மனைவிக்குப் பிரெஞ்சுச் சொல்!

இப்பட்டம் ஒரு குடியில் எப்படி இறங்குகிறது என்பதற்கு ஸ்பென்சர் குடும்பம் நல்ல சான்று. 1643இல் சண்டர்லாந்தின் ஏர்லான இக்குடியினருள் மூன்றாம் ஏர்ல், மார்ல்பரோவின் முதல் டியூக்கான ஜான் சர்ச்சிலின் மகளை மணந்தார். டியூக்குக்கு மகன் எஞ்சாததால், 1706ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டப்படி அவர் பட்டம் மகள்வழியாக இறங்கி, 1733இல் ஸ்பென்சர்களிடம் வந்து சேர்ந்தது. டியூக் பட்டம் பெற்ற இந்த மூத்த கிளையில் பிறந்தவரே வின்ஸ்டன் சர்ச்சில். ஆல்தார்ப் மாளிகையைப் பெற்ற இளைய கிளைக்கு 1765இல் தனியே ஏர்ல் பட்டம் கிடைத்தது. இங்கே ஸ்பென்சர் என்பது ஊர்ப்பெயர் அன்று, குடிப்பெயர். ஆகவே ‘ஸ்பென்சரின் ஏர்ல்’ என்று எழுதுவது பிழை, ‘ஏர்ல் ஸ்பென்சர்’ என்பதே சரி. 1975இல் தந்தை எட்டாம் ஏர்லானபோதுதான், பின்னாளில் இளவரசியான டயானா, ஏர்லின் மகளுக்குரிய அடைமொழி பெற்று ‘லேடி’ டயானா ஆனார்.

ஏர்ல் ஸ்பென்சரின் மூத்த மகனை வைகவுன்ட் ஆல்தார்ப் என்பது வெறும் மரியாதை வழக்கு; சட்டத்தின் பார்வையில் அவர் சாமானியரே. அதனால்தான் வாக்குரிமையை விரிவாக்கிய 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தை அன்றைய ஆல்தார்ப் பிரிட்டிஷ் மக்களவையில் நின்று நிறைவேற்ற முடிந்தது. 1834இல் தந்தை இறந்து தாம் ஏர்லானதும் அவர் அந்த அவையை விட்டுப் பிரபுக்கள் அவைக்குச் செல்ல நேர்ந்தது.

இனித் தமிழ்ச்சொல். டியூக்கைக் ‘கோமகன்’ என்பது இதழ்களில் வேரூன்றிவிட்டது. ஏர்லுக்குக் ‘கோமான்’ என்றால் என்ன என்று கேட்கலாம். பெருமகன் பெருமான் ஆனதுபோலக் கோமகனே கோமான் ஆனதால், ஒரே சொல்லை இரண்டு படிகளுக்கு வைத்ததாகிவிடும். என் தெரிவு, சங்க காலக் குறுநிலத் தலைவரைக் குறித்த ‘வேள்’. நிலப்பகுதியோடும் குடிவழியோடும் பிணைந்த தலைமையை அது குறிக்கிறது. வேந்தனுக்குக் கீழ்ப்பட்ட நிலையும் அதில் தொனிக்கிறது. பதிற்றுப்பத்தின் பதிகம் ‘வேளாவிக் கோமான்’ என்று இரண்டையும் ஒருவருக்கே சேர்த்துச் சொல்வதால், பழந்தமிழில் இவை ஏறுவரிசையாக இருந்தன என்று நான் வாதிடவில்லை. இது இன்றைய தேவைக்கு நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஆங்கிலத்தில் இல்லாத பெண்பாலும் இங்கே ‘வேண்மாள்’ என்று ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவனின் தேவியான இளங்கோ வேண்மாள் பிறப்பால் அப்பெயர் பெற்றவள். கவுன்டஸோ பெரும்பாலும் மணத்தால் அப்பெயர் பெறுபவர்.