வடையின் ஓட்டையும் தோட்டாவின் மருந்தும்

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். டெக்சஸில் இருக்கும் அவருடைய அத்தான், வேட்டைத் துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறாராம். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டுக்குப் புது மருந்து, புது குண்டு. மருந்து வாங்கப் போன கடையில் அலமாரி முழுக்க விதவிதமான டப்பாக்கள். "எல்லாம் எரியத்தானே போகிறது, எதற்கு இத்தனை வகை?"

நம் சிங்கப்பூரில் இதைச் செய்து பார்க்க வழியே இல்லை. தேசிய சேவையில் இருந்தவர்களுக்குத் தெரியும், சுடுதளத்தில் காலிக் கூடுகளைக்கூடப் பொறுக்கி எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் கேள்வி அருமையானது.

துப்பாக்கி மருந்து வெடிப்பதில்லை, மிக வேகமாக எரிகிறது. 1884-ல் பிரான்சில் பால் வியேய் என்ற வேதியியலாளர் புகையில்லா மருந்தைச் செய்ததிலிருந்து இன்றுவரை அதன் அடிப்படை, பஞ்சை அமிலத்தில் பதப்படுத்திச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ்தான். எரிந்து வரும் வாயு குண்டைத் தள்ளுகிறது. அழுத்தம் ஏற ஏற மருந்து இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். குண்டு முன்னே நகர்ந்து இடம் விடுவதுதான் இதற்கு வடிகால். எல்லாம் விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் முடிந்துவிடும்.

கைத்துப்பாக்கியின் குழல் குட்டை. அங்கே மருந்து சட்டென்று எரிந்து தீர வேண்டும். ரைஃபிளில் நீளமான குண்டு, நீளமான குழல். கடைசிவரை தள்ளிக்கொண்டே வரும் நிதானமான மருந்து வேண்டும். அவசரக்கார மருந்தை ரைஃபிளில் போட்டால் குண்டு வேகம் பிடிக்குமுன் அழுத்தம் உச்சிக்குப் போய்த் துப்பாக்கியே சிதறலாம்.

சரி, ஒரே பொருளை எப்படி வேகமாகவும் மெதுவாகவும் எரிய வைப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சிறு சிறு உருண்டைகளாகவோ குச்சிகளாகவோ இருக்கும் மருந்து, மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக உள்நோக்கி எரியும். எவ்வளவு பரப்போ அவ்வளவு வாயு. உருண்டை எரிய எரியச் சிறுத்து, பரப்பும் குறைந்துகொண்டே போகும். தேவைப்படுவதோ நேர் எதிர்: குண்டு ஓட ஓட இடம் பெருகுகிறது, வாயு குறையக் கூடாது.

தேக்கா கடையின் உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் உள்விளிம்பும் வேகிறது. ரைஃபிள் மருந்துக் குச்சிகள் பலவற்றிலும் அப்படி ஓர் ஓட்டை உண்டு. வெளி ஆரம் 5 பங்கு, ஓட்டையின் ஆரம் 1 பங்கு என்று வையுங்கள். ஒரு பங்கு எரிந்ததும் வெளி ஆரம் 4, ஓட்டை 2. இன்னொரு பங்கு எரிந்தால் 3, 3. கூட்டினால் எப்போதும் 6! சுற்றளவு ஆரத்தைப் பொறுத்தது என்பதால், வெளியே இழந்த பரப்பை ஓட்டை அப்படியே ஈடுகட்டுகிறது. பீரங்கி மருந்தில் ஏழு ஓட்டைகள் போடுவதுண்டு. அங்கே எரிய எரியப் பரப்பு கூடவே செய்யும். உருண்டை மருந்துக்கு வேறு வழி: வெளித்தோலில் எரிதலைத் தணிக்கும் பூச்சை ஊறவைக்கிறார்கள். முதலில் நிதானம், பிறகு வேகம்.

அத்தனை டப்பாக்களும் இதற்காகத்தான். குண்டின் எடை, கூட்டின் கொள்ளளவு இரண்டுக்கும் பொருத்தமான மருந்தைத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். சமையலில் கண்ணளவு அழகு. இங்கே அது உயிரை வாங்கும்.

சிங்கப்பூரில் துப்பாக்கி இல்லாத வீட்டிலும் இந்தக் கணக்கு உண்டு. காரின் காற்றுப்பையை ஊதுவதும் எரியும் வில்லைகள்தான். ஒரு வகை வில்லை, வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பல வருடம் கிடந்து நுண்துளைகள் விட்டுப்போனது. பரப்பு கூடியது, எரியும் வேகம் எகிறியது, வில்லைகளை அடைத்திருந்த உலோகக் கூடு கிழிந்து, சிதறிய துண்டுகளால் பலர் இறந்தார்கள். உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நம் ஊர் வெப்பமும் ஈரமும் உங்களுக்கே தெரியும். பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிச்சட்ட எண்ணை விற்பனையாளரிடம் கொடுத்து இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.