டெண்டரை விடுவதா, கோருவதா? ஒப்பந்தப்புள்ளி: சொல் விளக்கம்

"பென்னாகரம் சாலைக்கு டெண்டர் விட்டுவிட்டார்கள்" என்று தருமபுரித் தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அடுத்த கேள்வி, "யார் எடுத்திருக்கிறார்?" என்பதுதான். விடுவது, எடுப்பது என்ற இந்த இரண்டு வினைகளுமே டெண்டருக்கு உரியவை அல்ல. ஏலத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. டெண்டருக்கு 'ஒப்பந்தப்புள்ளி' என்ற நல்ல தமிழ்ச் சொல் கிடைத்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் ஒப்பந்தப்புள்ளி என்று எழுதுகிறவர்கள்கூட அதையும் 'விடுகிறார்கள்'. வினை பிசகினால் யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார் என்பதே தலைகீழாகிவிடுகிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஏலம். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள். விவசாயி கொண்டுவந்த கூடுகள் வெள்ளையும் மஞ்சளுமாகக் குவிந்திருக்கும். வாங்க வந்தவர் ஒரு கைப்பிடி அள்ளுவார், விரலால் அமுக்கிப் பார்ப்பார், பிறகு கிலோவுக்கு ஒரு விலை சொல்வார். பக்கத்தில் நிற்பவர் அதற்கு மேலே கேட்பார். விற்பவர் ஏலம் விடுகிறார், வாங்குபவர் கேட்கிறார், விலை ஏறுகிறது, கடைசியில் ஒருவர் எடுக்கிறார். சாலையோரப் புளியமரங்களின் மகசூலும் இப்படித்தான் போகிறது. விடுவதும் எடுப்பதும் இங்கே முழுப் பொருத்தம். 'ஏலம்' என்ற சொல் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. அவர்கள் மொழியின் 'லெய்லாவ்', மலையாளத்தில் 'லேலம்' என்றும் இந்தியில் 'நீலாம்' என்றும் நிற்கிறது. அதற்கும் முந்தைய மூலம், அறிவிப்பு என்று பொருள்படும் ஓர் அரபுச் சொல்.

டெண்டர் இதற்கு நேர் எதிர். இங்கே கூப்பிடுகிறவர் வாங்குபவர். விற்பவர்கள்தாம் தங்கள் விலையை எழுதி, உறையில் இட்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுக்கிறார்கள். விலை ஏறுவதில்லை, யார் குறைவு என்று பார்க்கப்படுகிறது. ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'தெண்டெரே'. நீட்டுதல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, முன்னே நீட்டுதல், தர முன்வருதல் என்று அது சட்டச் சொல்லாயிற்று. ஆகவே டெண்டர் என்பது அரசாங்கம் தருவது அன்று. அரசாங்கத்தின் முன் நீட்டப்படுவது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பார்த்தாலும் இதேதான். நாளிதழில் வரும் அறிவிப்பு வெறும் அழைப்பு. அதைப் பார்த்து ஒருவர் எழுதிக் கொடுப்பதுதான் முன்மொழிவு. அது ஏற்கப்பட்ட பிறகே ஒப்பந்தம் பிறக்கிறது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஒப்பந்தத்தின் வேர் 'ஒப்பு'. இதை விளக்க அகராதியைத் தேட வேண்டாம், ஓசூருக்குப் போனால் போதும். தமிழர் ஒப்பந்தம் என்பார், தெலுங்கரும் ஒப்பந்தம் என்பார், கன்னடர் 'ஒப்பந்த' என்பார். சம்மதத்துக்குக் கன்னடத்தில் 'ஒப்பிகெ' என்று பெயர். மூன்று மொழிக்காரர்கள் ஒரே பட்டறையில் நின்று பேசும் ஊரில் மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொல் இது. ஒப்புக்கொள்வதும் ஒப்பு, ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒப்பு. டெண்டரில் இரண்டும் நடக்கின்றன: முதலில் ஒப்பிடுகிறார்கள், பிறகு ஒப்புக்கொள்கிறார்கள்.

'புள்ளி'தான் பலருக்கு உறுத்துகிறது. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கும் விலைக்கும் என்ன உறவு என்று கேட்கிறார்கள். புள்ளி என்பதற்குக் கணக்கு, மதிப்பீடு என்ற பொருளும் உண்டு. புள்ளி போடுதல் என்றால் இவ்வளவு ஆகும் என்று மதிப்பிட்டுக் கணக்குப் போடுதல். புள்ளிவிவரத்தில் இருப்பதும் அதே புள்ளிதான். ஒப்பந்தத்துக்காக ஒருவர் போட்டுத் தரும் கணக்கு ஒப்பந்தப்புள்ளி. லத்தீன் வேர் நீட்டும் கையைக் காட்டுகிறது. தமிழ்ச் சொல் அந்தக் கையில் இருக்கும் கணக்கைக் காட்டுகிறது. எனக்குத் தமிழ்ச் சொல்லே மேலாகப் படுகிறது.

அதற்குரிய வினைகளும் புதியவை அல்ல. வாங்குபவர் ஒப்பந்தப்புள்ளி கோருகிறார். விற்பவர் அளிக்கிறார். குறித்த நாளில் திறக்கிறார்கள், ஆராய்கிறார்கள், ஏற்கிறார்கள். தமிழ்நாட்டில் 1998இல் இயற்றப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் இந்த வரிசையில்தான் நடக்கிறது. ஒப்பந்தப்புள்ளியை அழைக்கும் அதிகாரி, ஏற்கும் அதிகாரி என்று பொறுப்பையே அது பிரித்து வைத்திருக்கிறது. இரு உறை முறை என்றால், முதல் உறையில் தகுதியும் தரமும், இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறாதவரின் விலை உறையைத் திறப்பதே இல்லை. குறைந்த விலைக்காரர் கேட்ட தொகையும்கூடச் சந்தை விலையைவிட அதிகம் என்று தெரிந்தால் அவரோடு மட்டும் பேசிக் குறைக்கலாம். இரண்டாமவரைத் தனியே கூப்பிட்டுப் பேரம் பேச வழியில்லை.

'டெண்டர் விட்டார்கள்' என்றால் "யார் எடுத்தார்?" என்ற கேள்விதான் வரும். 'ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறார்கள்' என்றால் "யார் யார் கொடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும். ஊரில் சாலை போடும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டாவதுதான்.

டெண்டரோடு சேர்த்தே பேசப்படும் 'கொள்முதல்' வேறு. கொள் என்றால் வாங்கு. "கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது" என்று பட்டினப்பாலை பூம்புகார் வணிகரைச் சொல்லும்போது கொள்வது வாங்குவதுதான். அதற்கு முந்தைய சொற்கள் "ஒப்ப நாடி", அதாவது தம் பொருளையும் பிறர் பொருளையும் சமமாக எண்ணி என்பது இன்னும் அழகு. முதல் என்பது போட்ட பணம். "கொள்முதலே அவ்வளவு ஆகிறது" என்று கடைக்காரர் சொல்லும்போது அது வாங்கிய விலை. அரசாங்கம் சொல்லும்போது வாங்கும் செயல். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கேழ்வரகு நேரடிக் கொள்முதல் நிலையம் வந்த பிறகு இந்தச் சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அங்கே ஏலமும் இல்லை, புள்ளியும் இல்லை. 2023-24க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய் என்றால் அதுதான் அடிப்படை. ஆகவே டெண்டர் கொள்முதலுக்காக இருக்கலாம். எல்லாக் கொள்முதலும் டெண்டர் ஆகாது.

ஓசூரின் தனியார் தொழிற்சாலைகளில் அதிகம் புழங்குவது கொட்டேஷன். தமிழில் விலைப்புள்ளி. மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி, பொருளையும் தரும் நாளையும் பார்த்து, கொள்முதல் ஆணை கொடுக்கிறார்கள். குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பாலக்கோட்டுக்கு அருகில் எங்கள் ஊர்க் கோயில் பந்திக்கு 300 எவர்சில்வர் தட்டுகள் வாங்க வேண்டியிருந்தது. ஊர்ப் பணம் என்பதால் மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்றேன். மறுநாளே மூன்றும் வந்தன. மூன்று கடைச் சீட்டு, ஒரே கையெழுத்து. மூன்றிலும் 'எவர்சிலவர்' என்று ஒரே பிழை. வாங்கி வந்த தம்பி, "ஒப்புக்குத்தானே அண்ணா கேட்டீர்கள்?" என்றான். ஒப்பு என்ற அதே வேர். நடந்ததாகக் காட்டுவதற்கு மட்டும் என்ற பொருளில் அது அவன் வாயிலிருந்து வந்தபோது எனக்கு வலித்தது. மூன்றையும் கிழிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேராகத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பஸ் ஏறினோம்.

கடைக்கு ஒரு மாதிரித் தட்டு கேட்டு வாங்கி வந்து கோயில் திண்ணையில் வரிசையாக வைத்தோம். மிகக் குறைந்த விலைத் தட்டு, விளிம்பைப் பிடித்து அழுத்தியதும் வளைந்தது. அடுத்த விலையை ஏற்றுக்கொண்டோம். ஊர்க் கணக்கு நோட்டில் அந்தத் தம்பியே எழுதினான்: "குறைந்த விலைப்புள்ளியை ஏற்காததற்குக் காரணம், தட்டில் கனம் இல்லை. மாதிரித் தட்டு கோயில் அறையில் இருக்கிறது."