தாத்தாவின் குரலும் மின்விசிறியின் குரலும்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தங்கை போன மாதம் ஒலிப்பதிவாளனான என்னைத் தேடி வந்தார். அவருடைய கைத்தொலைபேசியில் தாத்தாவின் பேச்சு இரண்டு மணி நேரம் இருந்தது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கதை, ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்த கதை, ஊரிலிருந்து பாட்டியைக் கப்பலில் அழைத்து வந்த கதை எல்லாம் அதில் இருக்கின்றன. தாத்தா இப்போது இல்லை.

"அண்ணே, பின்னால ஃபேன் சத்தம்தான் கொஞ்சம் அதிகமா இருக்கு. அத மட்டும் எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா போதும்" என்றார்.

கேட்டுப் பார்த்தேன். தொலைபேசியைத் தொலைக்காட்சி மேசைமேல் வைத்திருக்கிறார்கள். தாத்தா அறையின் அந்தப் பக்கம் நாற்காலியில். நடுவில் மின்விசிறி. அவர் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும்போதெல்லாம் விசிறியின் ஓசை பெருகி மேலே வருகிறது. மறுபடி பேசத் தொடங்கினால் முதல் அசை பாதி காணாமல் போகிறது. மூன்று இரவு உட்கார்ந்து வேலை செய்தேன். விசிறி குறைந்தது. அதோடு சேர்ந்து தாத்தாவின் குரலிலிருந்த கரகரப்பும், சொல்லின் கடைசியில் வரும் நடுக்கமும் போய்விட்டன. தங்கை கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா மாதிரி இல்லையே, அண்ணே" என்றார்.

அவர் சொன்னது சரி. விசிறிக் காற்றின் இரைச்சல் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை பரவிக் கிடப்பது. வயதானவர் குரலில் கலந்திருக்கும் மூச்சும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒன்றைச் சுரண்டினால் மற்றதும் உரிந்து வரும்.

இருபது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஒலிப்பதிவு வேலை செய்கிறேன். இப்படி என்னிடம் வரும் பதிவுகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. 1942-இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளைப் பதிவு செய்துவருகிறது. தமிழில் பேசியவர்களும் அதில் உண்டு. ஆனால் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பாட்டியிடமும் காப்பகத்தார் வந்து சேர முடியாது. அந்தக் குரலை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தொலைபேசியைப் பற்றி. அது கெட்ட கருவி என்று சொல்லமாட்டேன். ஆனால் அது அழைப்புக்காகப் பிறந்தது. மாறாமல் தொடரும் ஓசை எதுவானாலும் அதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கப் பார்க்கும் செயலிகள் பல. பேச்சுக்கு அது ஓரளவு பொருந்தும். இசைக்கு? மாறாமல் தொடரும் ஓசைக்கு நம் இசையில் பெயர் சுருதி. வீணை கற்பிக்கும் ஓர் அக்கா, மாணவி அனுப்பிய பயிற்சிப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். மீட்டும்போது தம்புரா கேட்கிறது. நாதம் அடங்கும் இடத்தில் தம்புராவும் கரைந்துவிடுகிறது. அடுத்த மீட்டில் திரும்ப எழுகிறது. சுருதிப் பெட்டி கெட்டுவிட்டது என்று அந்தக் குடும்பம் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. தொலைபேசி அதை மின்விசிறி என்று நினைத்துவிட்டது.

எது இரைச்சல், எது இசை என்று முடிவு செய்யும் பொறுப்பை உங்கள் கைக்குக் கொண்டுவருவதுதான் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியின் பயன். ஸூம், டாஸ்கேம், சோனி என்று பல நிறுவனங்கள் செய்கின்றன. 200 வெள்ளிக்குள்ளேயே நல்லது கிடைக்கிறது. விலை உயர்ந்ததை வாங்கினால் பதிவு தானாக நன்றாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஆயிரம் வெள்ளிக் கருவியை அறையின் மூலையில் வைத்தவரைவிட, மலிவான கருவியைச் சரியான இடத்தில் வைத்தவரின் பதிவுதான் ஒவ்வொரு முறையும் எனக்குப் பிடிக்கிறது.

இடம் என்றால் தூரம். திறந்த வெளியில், ஒலி வரும் இடத்திலிருந்து மைக்கை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறையும். பாட்டியின் வாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய கருவியை 120 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் இரண்டு முறை மடங்காகிறது. 12 டெசிபெல் போய்விடும். வீட்டுக்குள் சுவர்கள் திருப்பித் தருவதால் குறைவது சற்றுக் கம்மியாக இருக்கலாம். ஆனால் திரும்பி வருவது எதிரொலி. அது வேறு தொல்லை. விசிறியோ அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன் அளவு குறையவில்லை. ஒலியளவைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து கூடும். ஆகவே ஒரு கை நீளத்துக்குள், மார்புக்கு நேராக, வாய்க்குச் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் 'பாட்டி', 'பழம்' என்னும்போது வாயிலிருந்து கிளம்பும் காற்று மைக்கில் மோதித் 'தொம்' என்று விழும். மேசைமேல் வெறுமனே வைக்காதீர்கள். பெரியவர்கள் பேசும்போது மேசையைத் தட்டுவார்கள். அந்தத் தட்டு இடிபோல ஏறும். ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் கூடங்கள் பதிவுக்கு ஏற்றவை என்று சொல்வதற்கில்லை. தரையில் ஓடு, சுவரில் ஒன்றும் இல்லை, பேசினால் எதிரொலி. மெத்தையும் திரைச்சீலையும் துணி அலமாரியும் இருக்கும் படுக்கையறை எவ்வளவோ மேல். அரை மணி நேரம் முன்பே குளிர்சாதனத்தைப் போட்டு அறையைக் குளிரவைத்து, பதிவு தொடங்கும்போது அணைத்துவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, விசிறியைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பிறகு தொடருங்கள். வெயில் நாட்டில் வயதானவரை வியர்க்க வியர்க்க உட்கார வைத்து எடுக்கும் பதிவு யாருக்கும் வேண்டாம். குளிர்பதனப் பெட்டியின் முனகல் படுக்கையறைவரை வந்தால் அதையும் அணைப்பேன். அணைத்தவுடன் என் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுவேன். கிளம்பும்போது சாவியைத் தேடிப் போனால்தான் திரும்பப் போட நினைவு வரும். அடுத்த வீட்டுத் துளைபோடும் சத்தத்துக்கு ஞாயிறுதான் மருந்து, அன்று வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்கு அனுமதி கிடையாது. விடியற்காலைக் குயிலை மட்டும் எவராலும் நிறுத்த முடியாது.

அடுத்தது அளவு. கருவியை வாங்கியதும் அமைப்புக்குள் போய், ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஈசூன் தாத்தாவின் மூச்சிடையில் விசிறியை ஏற்றிவிட்டது அப்படிப்பட்ட ஒன்றுதான். கையால் வைக்கும்போது, பேச்சின் மிக உரத்த இடம் திரையிலுள்ள அளவுகோலில் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நின்றால் போதும். பூச்சியத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட ஒலியை முழுதாக மீட்டுத் தர என்னால் முடியாது. குறைவாகப் பதிந்ததை, ஒலியை நுணுக்கமாகப் பதியும் 24 பிட் அமைப்பில் எடுத்திருந்தால், பிறகு உயர்த்திக்கொள்ளலாம். காதில் மாட்டும் ஹெட்போனின் ஒலியளவு வேறு, பதிவின் அளவு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். காதுக்குச் சரியாகக் கேட்கிறது என்று ஹெட்போன் பொத்தானைத் திருகிவிட்டு வெறும் கிசுகிசுப்பைப் பதிந்துகொண்டு வந்தவர்கள் பலர்.

கோயிலில் இந்தக் கணக்கு மாறும். நாதசுவரமும் தவிலும் மின்சாரம் இல்லாமலே தெருவை நிறைப்பதற்காக உருவானவை. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில், விரலில் மாட்டிய கூடு விழும் நொடியில் எழும் ஒலி, திரையிலுள்ள அளவுகோல் எழுந்து காட்டுவதற்குள் வந்துபோய்விடும். கோடு மைனஸ் 12-இல் ஆடுகிறது என்று நம்பி இருந்தால், தனி ஆவர்த்தனம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். மைனஸ் 20-ஐ ஒட்டி வையுங்கள். தொடங்குமுன் வித்வானிடம் போய், "ஐயா, மிக உரக்க வாசிக்கிற இடத்தை ஒரு தடவை காட்டுறீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, நான் கேட்ட ஒருவரும் முகம் சுளித்ததில்லை. சோதிக்கும்போது வாசிப்பதைவிடக் கூட்டத்தின் முன்னால் இன்னும் ஓங்கித்தான் வாசிப்பார்கள் என்பதை நினைவில் வைத்து மேலும் சற்றுக் குறையுங்கள். நாதசுவரத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். மூன்று மீட்டர் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே தாங்கியில் வைத்தால் துளைகளிலிருந்து வரும் நாதமும் சேர்ந்து கேட்கும். பேச்சுக்காகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டியைப் போட்டிருந்தால், இசைக்கு அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தவிலின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் மெலிந்துவிடும்.

இப்போது மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒரே கோப்பில் கொள்ளும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் சில கருவிகள் வருகின்றன. அளவு வைக்கவே தேவையில்லை என்கிறார்கள். கருவிக்குள்ளே வெட்டுப்படுவதை அது பெரும்பாலும் தவிர்க்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். மைக்கே தாங்காத ஒலியை அது ஒன்றும் செய்யாது. தூரத்தைச் சரிசெய்வதும் அதன் வேலையில்லை.

மண்டப நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கிக் கலவைப் பெட்டியிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். இழுக்கலாம். பாடகர் குரல் தெளிவாக வரும். ஆனால் தானாகவே உரக்கக் கேட்கும் வாத்தியத்தை அந்தப் பெட்டியில் குறைவாகத்தான் ஏற்றியிருப்பார்கள். பதிவில் மிருதங்கம் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் இருக்கும். கருவியின் மைக்கையும் சேர்த்துப் பதிந்து பின்னர் கலப்பதே நல்லது. கம்பியை லைன் வாயிலில் செருகுங்கள். மைக் வாயிலில் செருகினால் ஒலி தொடக்கத்திலிருந்தே உடைந்துபோகும்.

கோப்பு வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: வேவ் (ஒலியைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இரு தடப் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி. 32 ஜிபி அட்டையில் முப்பது மணி நேரம் கொள்ளும். எம்பி3 ஆக்குவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். எம்பி3-இலிருந்து திரும்பி வரும் வழி கிடையாது. அட்டையைக் கருவிக்குள்ளேயே வைத்து ஃபார்மேட் செய்யுங்கள். அன்றிரவே மூன்று பிரதி எடுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள்.

பேட்டி எடுப்பவருக்கு ஒன்று. பெரியவர் பேசும்போது "ஆமா பாட்டி", "அப்படியா" என்று இடையிடையே சொல்லாதீர்கள். தலையை ஆட்டுங்கள், கண்ணைப் பாருங்கள். அவர் நிறுத்தினால் ஐந்து விநாடி காத்திருங்கள். நல்ல கதைகள் அந்த ஐந்து விநாடிக்குப் பிறகுதான் வருகின்றன. தொடங்கும்போது தேதியையும் பெயரையும் சொல்லி, "பதிவு பண்றேன், யார் யாருக்குப் போட்டுக் காட்டலாம்?" என்று கேட்டு, பதிலையும் பதிவிலேயே வாங்கிவிடுங்கள். குடும்பச் சண்டைகளும் வெளியே வரும். அவை யாருடையவை என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவரைப் பதிவு செய்யப் போனேன். என் கருவியில் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விளக்கு மினுக்கும். அது காத்திருப்பு நிலை. இன்னொரு முறை அழுத்தினால்தான் பதிவு ஓடும். அளவைச் சரிபார்த்தேன், ஹெட்போனில் குரல் கேட்டது, அளவுக்கோடு ஆடியது. எண்கள் ஓடுகின்றனவா என்று மட்டும் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசினார். அடுத்த வாரம் மறுபடி போகலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் அவர் மருத்துவமனையில் இருந்தார். அதன்பின் வீடு திரும்பவில்லை. அவர் சொன்னதில் எனக்கு நினைவிருந்ததை எழுதி அவர் மகளிடம் கொடுத்தேன். அதில் அவர் குரல் இல்லை.

அன்றிலிருந்து, ஒரு நிமிடம் பேசவைத்து, நிறுத்தி, போட்டுக் கேட்காமல் நான் தொடங்குவதில்லை. முடிந்த பிறகும் பெரியவருக்கே ஹெட்போனை மாட்டிவிட்டுக் கடைசிச் சில நிமிடங்களைப் போட்டுக் காட்டுவேன்.

சென்ற ஆண்டு பொத்தோங் பாசிரில் ஒரு பாட்டி தாலாட்டுப் பாடினார். நான்கு வரிதான் நினைவிருக்கிறது என்றார். முடிந்ததும் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது எங்கம்மா குரல் மாதிரில்ல இருக்கு தம்பி" என்றார். பிறகு, ஹெட்போனைக் கழற்றாமலே, அதுவரை பாடாத ஐந்தாவது வரியை மெல்ல எடுத்தார். கருவியை நான் இன்னும் பைக்குள் வைத்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், மீண்டும் அழுத்தினேன், எண்கள் நகர்வதைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.